கொலம்போவின் முதற்பெயரும் எங்கள் பொது அறிவுக் கொப்பிகளும்

மார்ச் 2 (வாசகர் ஒருவரின் கேள்வி)

நான் முள்ளியவளைப் பக்கம் தரம் 5 பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். பல வருடமாகச் சேர்த்த பொது அறிவு வினாக்களைச் சின்னப் புத்தகமாக அடித்து, ரியூசன் பிள்ளைகளுக்கு அச்சுச் செலவுக்கு மட்டும் கொடுத்து வந்தேன். இப்போது வேறொருவர் அதில் பாதிக்கு மேல் எடுத்துத் தன் பெயரில் போட்டுக் கடையில் விற்கிறார். நான் விட்ட எழுத்துப் பிழைகூட அப்படியே இருக்கிறது. இது களவில்லையா? வழக்குப் போட முடியுமா?

மார்ச் 2, இரவு

வழக்குக்கு அவசரப்பட வேண்டாம். இதே கேள்வியோடு அமெரிக்காவில் ஒருவர் 300 மில்லியன் டொலர் கேட்டு நீதிமன்றம் போனார். பெயர் பிரெட் எல். வேர்த். துணுக்குச் செய்திகளைத் தொகுத்தே பெயர் எடுத்த மனிதர். அவர் கதை தெரிந்தால் உங்களுக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது என்று பாதி விளங்கிவிடும். நாளைக்கு விரிவாக எழுதுகிறேன். அந்தப் புத்தகத்தின் ஒரு பிரதியை வாங்கி வையுங்கள், பற்றுச்சீட்டோடு.

மார்ச் 3

வேர்த் பல்கலைக்கழகத்துக்காரர் இல்லை. கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராக வேலை பார்த்தவர். வேலை போக மீதி நேரத்தில் சினிமா, ரிவி, பாட்டு, விளையாட்டு, பிரபலங்களின் பிறந்த ஊர், கதைகளில் வரும் நாய்களின் பெயர் என்று கண்ணில் படுகிற எல்லாவற்றையும் குறித்து வைத்தார். 1974 இல் அவை அகரவரிசையில் ஒரு துணுக்குக் கலைக்களஞ்சியமாக வந்தன. பிறகு அதை இன்னும் பெருப்பித்து வேறு தொகுதிகளும் வெளியிட்டார். எல்விஸ் பிரெஸ்லியைப் பற்றி மட்டும் தடித்த புத்தகங்கள் எழுதினார். இணையம் இல்லாத காலத்தில் ஒரு தகவலைச் சரிபார்ப்பது என்றால் வாசிகசாலைக்குப் போக வேண்டும், பழைய பத்திரிகை புரட்ட வேண்டும், கடிதம் போட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அப்படிச் சேர்ந்த ஆயிரக்கணக்கான குறிப்புகள்.

இந்தப் பக்கம், 1979 டிசம்பரில் கனடாவின் மொன்றியலில் கிறிஸ் ஹேனி, ஸ்கொட் அபொட் என்று இரண்டு பத்திரிகைக்காரர்கள் ஒரு பலகை விளையாட்டு யோசிக்கிறார்கள். கேள்விக்குப் பதில் சொன்னால் காயை நகர்த்தலாம். பெயர் ட்ரிவியல் பர்சூட். 1981 இல் வெளிவந்தது. 1984 ஆம் ஆண்டில் மட்டும் வட அமெரிக்காவில் சுமார் 2 கோடிப் பெட்டிகள் விற்றன.

வேர்த் அந்த அட்டைகளைப் பார்க்கிறார். தன்னுடைய கேள்விகள். தன்னுடைய அச்சுப் பிழைகள். தான் தவறாகக் குறித்துக்கொண்டவைகூட அப்படியே. முதல் பதிப்பில் 6000 கேள்விகள். அதில் கால்வாசிக்கு மேல் தன்னுடையது என்றார்.

ஒரு கேள்வி மட்டும் அவருக்கு உறுதியான சாட்சி. கொலம்போ என்ற துப்பறியும் நாடகத்தின் நாயகனுக்கு முதற்பெயர் என்ன? அட்டையில் பதில்: பிலிப். அந்தப் பிலிப் வேர்த்தே இட்டுக்கட்டிய பெயர். யாராவது தன் புத்தகத்தை அப்படியே எடுத்தால் கையும் மெய்யுமாகப் பிடிபடட்டும் என்று புத்தகத்துக்குள் புதைத்து வைத்த பொறி அது.

பொறியில் ஆள் விழுந்தது உண்மை. வழக்கில் தோற்றதும் வேர்த்தான்.

மார்ச் 3, கொஞ்சம் பிந்தி

எப்படித் தோற்றார் என்று இரண்டு பேர் கேட்கிறீர்கள்.

விளையாட்டை உருவாக்கியவர்கள் அந்தப் புத்தகத்தைப் பார்க்கவேயில்லை என்று சொல்லவில்லை. பார்த்தோம், இன்னும் பல புத்தகங்களும் பார்த்தோம் என்றார்கள். ஒரு புத்தகத்தை மட்டும் பார்த்து எழுதினால் களவு, பல புத்தகம் பார்த்து எழுதினால் ஆராய்ச்சி என்று ஒரு பேச்சு இருக்கிறதல்லவா, அவர்கள் வாதமும் அந்த வழியில்தான் போனது. நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 1987 இல் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு. 1988 இல் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கே எடுக்கவில்லை.

காரணம் சுருக்கமாக இது. உலகத்தில் உள்ள ஒரு தகவலை நீங்கள் முதலில் கண்டுபிடித்து எழுதினாலும் அது உங்கள் சொத்தாகாது. பிதுருதலாகல மலையின் உயரம் 2524 மீற்றர் என்பது யாருடையது? எல்லோருடையதும். காப்புரிமை நிற்பது நீங்கள் சொன்ன விதத்தில், தெரிந்தெடுத்ததில், ஒழுங்குபடுத்தியதில். வேர்த்தின் புத்தகம் அகரவரிசையில் குறிப்புகளாகப் போகிறது. விளையாட்டு துறைவாரியாக, கேள்வியும் பதிலுமாக, அட்டைகளில் கலந்து கிடக்கிறது. சொல்லும் வேறு, அடுக்கும் வேறு. அதனால் தகவலை எடுத்தது குற்றமில்லை என்றார்கள்.

டீச்சர், உங்கள் விடயம் இதற்குள் முழுதாக அடங்காது. அங்கே சொற்கள் மாறியிருந்தன. உங்களிடமிருந்து எடுத்தவர் எழுத்துப் பிழை உட்பட உங்கள் வசனத்தையே எடுத்திருக்கிறார் என்கிறீர்கள். அது பெரிய வித்தியாசம். பிறகு வருகிறேன்.

மார்ச் 5

கொலம்போ யார் என்று கேட்ட தம்பிக்கு: கசங்கிய மழைக்கோட்டும் சுருட்டுமாக வரும் பொலிஸ் லெப்டினன். நடித்தவர் பீட்டர் போக். 1971 இலிருந்து தொடராக ஓடிய அமெரிக்க நாடகம். யார் கொலை செய்தது என்று பார்ப்பவருக்கு முதலிலேயே தெரியும், அவர் எப்படிப் பிடிக்கிறார் என்பதுதான் கதை. நாடகத்தில் ஒருவரும் அவரை முதற்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அதனால்தான் வேர்த் அந்த இடத்தைத் தெரிந்தெடுத்தார். வெற்றிடமாக இருந்த இடத்தில் ஒரு பெயரை வைத்தால் மறுக்க ஆள் இருக்காது.

ஆனால் 1971 இல் வந்த ஒரு பாகத்தில் அவர் தன் அடையாள அட்டையைக் காட்டும் காட்சி உண்டு. நிறுத்திப் பார்த்தால் அதில் பிராங்க் என்று இருக்கிறது. ரிவியை நிறுத்திப் பார்க்க வசதியில்லாத காலம், யாரும் கவனிக்கவில்லை. இடையில் பிலிப் நன்றாகவே பரவிவிட்டது. ஒரு கார் விளம்பரத்தில்கூட லெப்டினன் பிலிப் கொலம்போ என்று வந்தது. பொறி வைத்தது களவு எடுப்பவரைப் பிடிக்க. அகப்பட்டதோ நம்பி வாசித்த சனமும்தான்.

மார்ச் 6

நேற்று எழுதிய கடைசி வரி இரவு முழுக்க மனதை விட்டுப் போகவில்லை. அதனால் இது நீளும்.

1996 இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்து, கிளிநொச்சியை விட்டு மல்லாவிப் பக்கம் போயிருந்தோம். கடதாசிக்குத் தட்டுப்பாடு, மண்ணெண்ணெய்க்கு அதைவிடத் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அடியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு எரிக்கிற விளக்குத்தான் படிப்புக்கு. எங்கள் கொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மாஸ்டர் இருந்தார். அவரிடம் அட்டை போன ஒரு பொது அறிவுப் புத்தகம் இருந்தது. முதல் பக்கங்கள் இல்லை, அதனால் எந்த ஆண்டில் அச்சிட்டது, யார் எழுதியது என்று ஒருவருக்கும் தெரியாது. அதைப் பிள்ளைகள் முறைவைத்துக் கொண்டுபோய்க் கொப்பியில் எழுதுவோம். ஒருவர் கொப்பியைப் பார்த்து இன்னொருவர் எழுதுவார், அதைப் பார்த்து அடுத்த முகாமில் ஒருவர் எழுதுவார். ஒற்றை ரூள் கொப்பியில் ஒரு வரிக்குள் இரண்டு வரி நெருக்கி எழுதினோம், தாள் மிச்சப்பட வேண்டுமே. பென்சிலை நுனிவரை சீவி, பிடிக்க முடியாமல் போனதும் பேனாக் கூட்டுக்குள் செருகி எழுதினோம்.

அந்த நேரத்தில் ஒரு போட்டி வைத்தார்கள். மரத்துக்குக் கீழே வாங்கு போட்டு. இலங்கையில் எத்தனை மாவட்டங்கள் என்று கேட்டார்கள். ஒரு பிள்ளை எழுந்து 25 என்றாள். நடுவர் கையிலிருந்த தாளைப் பார்த்து 24 என்று சொல்லி அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். அந்தப் பிள்ளையின் ஊர் கிளிநொச்சி. யாழ்ப்பாண மாவட்டத்தின் தெற்குப் பகுதியைப் பிரித்து 1984 இல் உண்டாக்கிய 25 ஆவது மாவட்டமே கிளிநொச்சிதான். அவளுடைய சொந்த மாவட்டம் அந்தத் தாளில் இல்லை. இருந்த ஊரும் போய், ஊரின் பெயரும் விடையிலிருந்து போய், அவள் வாங்கில் இருந்த விதம் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. பாவாடை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.

அதனால் பிலிப் கதையை மற்றவர்கள் சுவையான சம்பவமாகச் சொல்லும்போது எனக்குப் பொறுக்கமுடிவதில்லை. பத்துப் புத்தகம் ஒப்பிட்டுப் பார்க்க வசதியுள்ள ஊரில் ஒரு பொய் விடை கொஞ்ச நாளில் பிடிபடும். ஒரேயொரு புத்தகம் உள்ள ஊரில் அதுதான் உண்மை. வேறு வழியில்லை.

மார்ச் 6, மாலை

வவுனியாவிலிருந்து ஒரு அண்ணர் எழுதியிருக்கிறார்: 24 என்பது எழுதிய காலத்தில் சரிதானே, அதை எப்படிப் பொய்யோடு சேர்ப்பது என்று. நியாயமான பேச்சு. 1978 இல் முல்லைத்தீவும் கம்பஹாவும் புதிதாக வந்து 22 என்பது 24 ஆனது. ஆறு வருடத்துக்குள் 25. தலைநகரம் கொழும்பு என்று பழைய புத்தகத்தில் இருக்கும், 1982 இல் பாராளுமன்றம் கோட்டேக்குப் போனது. ஒன்பது கோள்கள் என்று படித்தோம், 2006 இல் புளூட்டோவை அந்த வரிசையிலிருந்து எடுத்தார்கள். இவை காலாவதியான விடைகள். எழுதியவரில் குற்றமில்லை, திகதி இல்லாமல் பரப்பியவர்களில் உண்டு.

சீனப் பெருஞ்சுவர் சந்திரனிலிருந்து தெரியும் என்பது வேறு வகை. எந்தக் காலத்திலும் சரியாக இருந்ததில்லை. 2003 இல் விண்வெளிக்குப் போய்வந்த சீனரான யாங் லிவெய், பூமிக்கு அவ்வளவு கிட்டவான சுற்றுப்பாதையிலிருந்தே தனக்குத் தெரியவில்லை என்று சொன்னார். இன்றைக்கும் எங்கள் பிள்ளைகளின் கொப்பியில் அந்தச் சுவர் சந்திரனிலிருந்து தெரிந்துகொண்டிருக்கிறது.

வேர்த் செய்தது மூன்றாவது வகை. தெரிந்தே வைத்தது.

மார்ச் 9

பொறி வைப்பது வேர்த் கண்டுபிடித்த வித்தையல்ல என்று ஒருவர் சரியாகச் சொல்கிறார். வரைபடக்காரர்கள் இதை முன்பே செய்தார்கள். 1930 களில் ஒரு அமெரிக்க வரைபடக் கம்பனி நியூயோர்க் மாநிலத்தில் ஒரு மண் றோட்டுச் சந்தியில் அக்லோ என்று இல்லாத ஊர் ஒன்றைப் போட்டது. கம்பனித் தலைவரினதும் உதவியாளரினதும் பெயரின் முதலெழுத்துகளைக் கலந்து செய்த பெயர். பிறகு இன்னொரு பெரிய கம்பனியின் வரைபடத்தில் அக்லோ வந்ததும் பிடித்துவிட்டோம் என்று நினைத்தார்கள். அங்கே போய்ப் பார்த்தால் அக்லோ ஜெனரல் ஸ்ரோர் என்று ஒரு கடை! வரைபடத்தைப் பார்த்து யாரோ அந்தப் பெயரையே கடைக்கு வைத்திருக்கிறார்கள். ஊர் உண்டாகிவிட்டது, களவு என்று நிரூபிக்க வழியில்லாமல் போனது.

ரெலிபோன் புத்தகக் கதையும் சொல்லிவிடுகிறேன், சட்டத்துக்கு அதுதான் முக்கியம். கன்சாஸில் ஒரு சிறிய ரெலிபோன் கம்பனி தன் பெயர்ப்பட்டியலுக்குள் நாலு போலிப் பெயர்களைச் சேர்த்து வைத்திருந்தது. பெரிய பட்டியல் போட்ட இன்னொரு கம்பனி அந்த நாலையும் சேர்த்து எடுத்துவிட்டது. எடுத்தது சந்தேகமில்லாமல் நிரூபணம். ஆனால் 1991 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது: பெயரும் நம்பரும் வெறும் தகவல், அகரவரிசையில் அடுக்குவதில் புதிதாக ஒன்றுமில்லை, வியர்வை சிந்தினீர்கள் என்பதற்காகக் காப்புரிமை தரமுடியாது. வேர்த் தோற்று நாலு வருடத்துக்குப் பிறகு வந்த தீர்ப்பு. அவருக்குச் சொன்னதையே இன்னும் அழுத்திச் சொன்னது.

மார்ச் 10

எங்களிடம் இப்படித் தொகுத்தவர்கள் இல்லையா என்று கேட்கிறவர்களுக்கு: ஏன் இல்லை. மானிப்பாயில் பிறந்த ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902 இல் அபிதான கோசம் வெளியிட்டார். தமிழில் வந்த முதல் கலைக்களஞ்சியம் என்று சொல்லப்படுவது அதுதான். எட்டு வருடம் கழித்து 1910 இல் ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி வந்தது. இரண்டிலும் ஒரே முனிவர்களும் அரசர்களும் வருவார்கள். அகத்தியரை யார் எழுதினாலும் அகத்தியர்தான், அதில் களவு என்று ஒன்றுமில்லை. வேர்த்தின் வழக்கில் நீதிமன்றம் சொன்னது இந்த இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சட்டென்று விளங்கும்.

வன்னிக்கென்றே ஒரு உசாத்துணை நூல் உண்டு. ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி வவுனியா, முல்லைத்தீவு இரண்டையும் பற்றித் தொகுத்து 1895 இல் வந்தது. வன்னி வரலாறு எழுத வந்தவர்கள் அதற்குள் போகாமல் வெளியே வருவது அரிது. அந்த மனிதர் எங்காவது விளையாட்டுக்கு ஒரு பொய்க் குளத்தையோ பொய் வன்னிச் சிற்றரசரையோ எழுதி வைத்திருந்தால் நாங்கள் இன்றைக்கும் அந்தக் குளத்துக்கு வாய்க்கால் தேடிக்கொண்டிருப்போம். நல்ல காலம்.

மார்ச் 14

வேர்த்தைப் பற்றி 6 ஆம் திகதி கடுமையாக எழுதினேன். திரும்ப யோசித்தால் அவர் பக்கமும் கொஞ்சம் நிற்கத் தோன்றுகிறது.

ஒரு தகவலைத் தேடி ஒரு கிழமை அலைந்தவருக்குத்தான் அந்த ஒரு வரியின் பாரம் தெரியும். வாசிப்பவர் அரை நொடியில் தாண்டிவிடுவார். இரணைமடுக் குளத்துக்கு எந்த ஆறு வருகிறது என்று கேட்டால் கனகராயன் ஆறு என்று இரண்டு சொல்லில் முடிந்துவிடும். அது எங்கே போய் விழுகிறது என்று அடுத்த கேள்வி போட வேண்டுமென்றால் சுண்டிக்குளம் கடனீரேரி வரைக்கும் ஆற்றோடு போய்வந்த ஒருவரைக் கேட்டு, வரைபடம் பார்த்து உறுதிப்படுத்தி எழுதவேண்டும். அந்த உழைப்பை இன்னொருவர் ஒரு இரவில் தட்டச்சு செய்து கோடிக்கணக்கில் உழைக்கிறபோது வயிறு எரியும். வேர்த்தின் புத்தகத்தை வாங்கியவர்கள் எத்தனையோ பேர், ஆனால் அந்தப் பெட்டியில் அவர் பெயர் ஒரு மூலையில்கூட இல்லை. பணத்தைவிட அதுதான் அவரைக் கோட்டுக்கு அனுப்பியிருக்கும் என்று நான் நினைக்கிறேன். நன்றி என்று ஒரு வரி போட்டிருக்கலாம். சட்டம் கேட்காவிட்டாலும் மரியாதை கேட்கிறது.

ஆனாலும் பிலிப் விடயத்தில் என் கருத்து மாறவில்லை. தன் சொத்தைக் காக்க ஊர்க் கிணற்றில் அடையாளச் சாயம் கலப்பது போன்ற வேலை அது. வேறு வழி இருந்தது. தன் சொல்லில் அடையாளம் வைத்திருக்கலாம், உண்மையில் வைத்திருக்கத் தேவையில்லை.

மார்ச் 15

டீச்சருக்கு இப்போது.

இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. வெறும் தரவுக்குப் பாதுகாப்பு இல்லை என்று அங்கும் உண்டு. ஆனால் தெரிந்தெடுத்ததிலும் ஒழுங்குபடுத்தியதிலும் சொந்த ஆக்கம் இருந்தால் அந்தத் தொகுப்புக்குப் பாதுகாப்பு உண்டு. நீங்கள் எழுதிய வசனத்துக்கும் உண்டு. பதிவு செய்யத்தான் வேண்டும் என்றில்லை, எழுதிய கணத்திலேயே உரிமை வந்துவிடும். எனவே, "இலங்கையின் நீளமான ஆறு எது?" என்ற கேள்வியை அவர் எடுத்தால் உங்களால் ஒன்றும் செய்யமுடியாது. ஆனால் உங்கள் வசனம், உங்கள் வரிசை, நீங்கள் பிள்ளைகளுக்காக எழுதிய விளக்கக் குறிப்பு இவையெல்லாம் பக்கம் பக்கமாகப் போயிருந்தால் சட்டத்தரணியிடம் காட்டலாம். இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து, ஒத்துவரும் இடங்களைச் சிவப்புப் பேனாவால் கோடிட்டு, முதலில் அச்சிட்ட பற்றுச்சீட்டும் கையெழுத்துக் கொப்பியும் சேர்த்துக் கொண்டுபோங்கள். நீங்கள் விட்ட எழுத்துப் பிழைகள்தான் நல்ல சாட்சி. அவற்றை வேண்டுமென்று வைக்கவில்லை, பிள்ளைகளுக்குத் தவறான தகவலும் போகவில்லை. வேர்த்துக்கு இருந்த சங்கடம் உங்களுக்கு இல்லை.

முதலில் அவரோடு நேரே கதையுங்கள் என்பேன். சின்ன ஊர், ஆளை ஆள் தெரியும். பெயர் போடச் சொல்லிக் கேளுங்கள். சிலவேளை அதோடு முடியும்.

"அடுத்த பதிப்பில் நானும் ஒரு பிழை விடையை ஒளித்து வைக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த ஒரு விடைக்காக ஒரு பிள்ளைக்கு ஒரு புள்ளி போகும். புலமைப்பரிசில் பரீட்சையில் ஒரு புள்ளி என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மார்ச் 21

டீச்சர் கதைத்துப் பார்த்தாராம். அடுத்த அச்சில் டீச்சரின் பெயர் போடுவதாக அந்த ஆள் சொல்லியிருக்கிறார், பார்ப்போம். கூடவே டீச்சர் ஒரு சந்தேகமும் அனுப்பியிருக்கிறார்: புதிய பதிப்பில் வன்னியின் கடைசி மன்னன் பண்டாரவன்னியன் பற்றிய கேள்வியை எப்படிப் போடுவது? ஒரு புத்தகத்தில் 1803 இல் இறந்தார் என்று இருக்கிறது, இன்னொன்றில் 1811.

கற்சிலைமடுவில் இருந்த நினைவுக் கல்லை எடுத்துப் பாருங்கள். இவ்விடத்தில் கப்டன் வொன் டிறிபேர்க் 1803 ஒக்டோபர் 31 இல் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்றுதான் அதில் ஆங்கிலத்தில் வெட்டியிருந்தது. கொன்றார் என்று இல்லை. தோற்கடித்த ஆண்டை இறந்த ஆண்டாக யாரோ எழுதியிருக்க வேண்டும், பிறகு எல்லோரும் பார்த்து எழுதினார்கள். எனவே "எப்போது இறந்தார்" என்று கேட்காதீர்கள். முல்லைத்தீவுக் கோட்டையை அவர் எந்த ஆண்டில் கைப்பற்றினார் என்று கேளுங்கள். 1803 ஓகஸ்ட். அந்த ஆண்டில் கருத்து வேறுபாடு இல்லை. விடைக்குக் கீழே சின்ன எழுத்தில் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று ஒரு வரியும், எந்த ஆண்டில் சரிபார்த்தீர்கள் என்று இன்னொரு வரியும் போட்டுவிடுங்கள். மாவட்டம் 25 என்பதற்கும் அப்படியே போடுங்கள்.